தமிழ்99: டைப் அடித்துப் பிழைப்பவளின் மதிப்புரை

திங்கட்கிழமை என்றால் காலை ஏழரைக்கே எங்கள் கடை வாசலில் ஆள் நிற்கும். அன்றைக்குத் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். கும்பகோணத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால் மனு டைப் ஆகிக் கையில் இருக்க வேண்டும். "அக்கா, பத்து நிமிஷத்துல முடிஞ்சிருமா? எட்டேகாலுக்கு வண்டி" என்பார்கள். முடித்துக் கொடுத்துவிடுகிறேன். அப்படி முடித்துக் கொடுக்க எனக்கு உதவுகிற தமிழ்99 என்ற விசை அமைப்பு, கீபோர்டு, மென்பொருள், போன் ஆப் எல்லாவற்றையும் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. 1997-இல் தமிழ்த் தட்டச்சில் லோயர், அடுத்த வருஷம் ஹையர் பாஸ் செய்தேன். அன்றிலிருந்து இன்றுவரை ஞாயிறு தவிர ஒரு நாள்கூடத் தமிழ் அடிக்காமல் இருந்ததில்லை. அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

2004 மார்ச்சில் மகாமகம். அதற்கு ஒரு வருஷம் முன்பே ரிட்டையர்டு தமிழாசிரியர் ஒருவர் மகாமகத்தோடு சேர்ந்த சிவன் கோயில்கள் பன்னிரண்டின் தல வரலாற்றையும் கையால் எழுதி, நோட்டு நோட்டாகக் கொண்டு வந்தார். 176 பக்கம். புத்தகப் பக்கம் அமைக்கிற மென்பொருளான பேஜ்மேக்கரில் நான்தான் அடித்தேன். ஃபாண்ட் மட்டும் காசு கொடுத்து வாங்கியது. கூடவே டாங்கிள் என்று விரல் நீளத்துக்கு ஒரு பூட்டு கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் பிரிண்டர் செருகுகிற அகலமான துளையில் அதை மாட்டினால்தான் அந்தத் தமிழ் வேலை செய்யும். கழற்றிவிட்டால் எழுத்து எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக மாறிவிடும். எங்கள் காலத்து ஃபாண்டுகள் எல்லாமே இந்த ஜாதிதான். திரையில் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்று அடித்துவிட்டு ஃபாண்டை நீக்கிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான் அங்கே நிற்கும். ஃபாண்டுக்கு ஃபாண்டு இந்தக் கணக்கும் வேறு வேறு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது.

2015 ஐப்பசியில் அதே வாத்தியார் ஐயா வந்தார். அடுத்த மகாமகம் 2016 பிப்ரவரியில். திருத்தங்களோடு இரண்டாம் பதிப்பு போட வேண்டும் என்றார். பழைய சிபியூ செத்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. புதிய கம்ப்யூட்டரில் அந்த அகலமான துளையே கிடையாது. டாங்கிள் என் மேஜை டிராயரில் பத்திரமாகத்தான் இருந்தது, மாட்ட இடம்தான் இல்லை. விற்றவர்களின் போன் நம்பரில் யாரும் எடுக்கவில்லை. ஃபைல் சிடியில் இருக்கிறது, திறக்கிறது, ஆனால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. ஐயா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மாடி, நான் எழுதினது எங்கே போச்சு?" என்று கேட்டார். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் கையால் அடித்தது, அவர் மூளையில் விளைந்தது, இரண்டு பேருக்கும் இல்லாமல் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குள் போய்விட்டது. அந்த மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அச்சான புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தோம். படத்தில் இருக்கும் தமிழ் எழுத்தைப் படித்து யூனிகோடாக, அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் எந்த ஃபாண்டிலும் ஒரே கணக்கில் நிற்கிற பொது எழுத்துமுறையாக, கொடுக்கும் வசதி அதில் உண்டு. முதல் பக்கம் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பன்னிரண்டு வருஷம் முன்னால் அடித்த வரிகள் அப்படியே வந்து நின்றன. அச்சு மங்கியிருந்த பக்கங்களில் பிழை அதிகம். காலும் ரகரமும் இடம் மாறியிருந்தன, புள்ளிகள் உதிர்ந்திருந்தன. ஐயா வாசிக்க, நான் திருத்த, பதினெட்டு நாள் ஆயிற்று. முழுசாக மறுபடி அடித்திருந்தால் இரண்டு மாதம். இலவசமாகக் கிடைக்கும் சேவைகளில் இதற்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். வீட்டில் தாத்தா பாட்டி கையோடு வைத்திருக்கும் பழைய அச்சுப் புத்தகம் ஏதாவது இருந்தால், காகிதம் பொடியாவதற்குள் செய்து வையுங்கள்.

அன்றைக்கு முடிவு எடுத்தேன். இனிமேல் யூனிகோடு தவிர வேறு எதிலும் அடிப்பதில்லை. தமிழக அரசும் 2010 கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்திலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நான்தான் ஐந்து வருஷம் தாமதம்.

யூனிகோடில் அடிக்க நான் இறக்கிக்கொண்டது என்எச்எம் ரைட்டர். சென்னை நியூ ஹொரைசன் மீடியாக்காரர்கள் இலவசமாகக் கொடுத்தது. சின்ன ஃபைல், ஒரு நிமிஷத்தில் ஏறிவிடும், மூலையில் ஒரு மணிபோல உட்கார்ந்திருக்கும். ஆல்ட் விசையோடு ஓர் எண்ணை அழுத்தினால் தமிழ், இன்னோர் எண்ணுக்கு ஆங்கிலம். என் போன்றவர்களுக்கு இதில் பெரிய உபகாரம், பழைய டைப்ரைட்டர் முறையும் உள்ளே இருக்கிறது. விரல் பழகியதை மாற்றாமலே யூனிகோடுக்கு வந்துவிடலாம். அவர்களே கொடுத்த என்எச்எம் கன்வர்ட்டரில் பழைய ஃபாண்டில் கிடந்த சங்கக் கணக்கு, நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று நூற்றுக்கணக்கான ஃபைல்களை மாற்றினேன். இரண்டையும் பென்டிரைவில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். புது கம்ப்யூட்டர் வாங்கினால் முதல் வேலை அதை ஏற்றுவதுதான்.

ஆறு மாதம் பழைய முறையிலேயே ஓட்டினேன். அப்புறம் கடைக்கு வேலைக்கு வந்த பெண், பாலிடெக்னிக் முடித்தவள், தமிழ்99-இல் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைவிட இருபது வயது சின்னவள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலையே மிதித்ததில்லை. ஆனால் என் வேகத்துக்கு அடித்தாள். மனசுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது, அன்று இரவே கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் வகுத்து, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. பெயரிலேயே வருஷம் இருக்கிறது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி. மொத்தம் 31 விசை. ஷிப்ட் விசையை ஆய்தத்துக்கும் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துக்கும்தான் தொட வேண்டும். உயிர் எல்லாம் இடது கைக்கு. மெய்யில் வகரமும் ஙகரமும் போக மற்றது அத்தனையும் வலது கைக்கு. அ, இ, உ, எ நடு வரிசையில் விரல் சும்மா கிடக்கும் இடத்திலேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேர் மேல் விசையில் அதன் நெடில். க, ப, ம, த, ந, ய வலது கையின் நடு வரிசையில். இப்படி வைத்தவர்கள் தமிழ் எந்தெந்த எழுத்தில் அதிகம் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். அடிக்கிற கைக்கு அது தெரிகிறது.

இதன் அழகு தானாக விழும் புள்ளியில் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 'வணக்கம்' அடிக்க வேண்டும். வ, ண, க, க, ம, புள்ளி. ஆறு தட்டு. இரண்டு ககரம் அடுத்தடுத்து வந்தால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே வந்துவிடுகிறது. 'தந்தை' என்றால் த, ந, த, ஐ. நான்கே தட்டு. நகரத்துக்குப் பின்னால் தகரம் வந்தால் நடுவில் புள்ளி இல்லாமல் இருக்காது என்று அதற்குத் தெரியும். ங்க, ஞ்ச, ண்ட, ம்ப, ன்ற எல்லாம் இதே மாதிரி. இனவெழுத்து என்று ஆறாம் வகுப்பில் தமிழாசிரியை பிரம்போடு சொல்லிக்கொடுத்தாரே, அந்த இலக்கணம் என் விரலுக்கடியில் வேலை செய்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் 'வணக்கம்' எட்டுத் தட்டு, மேற்கொண்டு ணகரத்துக்கு ஒரு ஷிப்ட். 'தந்தை'யும் எட்டு. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் அடிப்பவளுக்கு இந்த வித்தியாசம் மணிக்கட்டு வலியில் தெரியும்.

டைப்ரைட்டர் முறைக்கும் இதற்கும் உள்ள ஆழமான வேறுபாடு எனக்குப் பழகிய பிறகுதான் புரிந்தது. டைப்ரைட்டரில் புள்ளி நகரா விசை. காகிதம் நகராது. அதனால் புள்ளியை முதலில் அடித்து, அப்புறம் எழுத்தை அடிக்க வேண்டும். 'கை' என்றால் ஐகாரக் கொம்பு முதலில், ககரம் பிறகு. கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசையில் கை போகும். தமிழ்99-இல் வாய் சொல்லும் வரிசையில் கை போகிறது. க, அப்புறம் ஐ. கை. ஆள் எதிரில் உட்கார்ந்து மனுவைச் சொல்லச் சொல்ல நான் அடிக்கும்போது, அவர் வாய்க்கும் என் விரலுக்கும் நடுவில் மாற்றிப் போடும் வேலை எதுவும் இல்லை. இருபது வருஷப் பழக்கத்தை விட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் அழுகை வந்தது, நான்காம் வாரம் பழைய வேகத்தைத் தாண்டியிருந்தேன்.

குறையும் சொல்ல வேண்டும். தானாக விழும் புள்ளி வேண்டாத இடத்திலும் விழும். 'சசிரேகா' என்று கல்யாணப் பத்திரிகையில் அடித்தால் 'ச்சிரேகா' என்று வரும். முதல் சகரத்துக்குப் பின்னால் அகரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த சகரத்துக்குப் போக வேண்டும். 'மமதை'யும் அப்படித்தான். ஒரு தரம் தெரிந்துகொண்டால் மறக்காது, ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கற்பவர்கள் இந்த இடத்தில்தான் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, அரைப்புள்ளி, ஒற்றை மேற்கோள், சாய்கோடு விசைகளை ந, ய, ழ எடுத்துக்கொண்டுவிட்டன. நில மனு அடிப்பவளுக்குச் சாய்கோடு இல்லாமல் ஆகாது, சர்வே நம்பர் எல்லாம் 112/3 என்றுதான் வரும். வலது ஓரத்து நம்பர் பேடில் இருக்கும் சாய்கோட்டைப் பயன்படுத்துங்கள். அதனாலேயே நம்பர் பேடு இல்லாத சின்னக் கீபோர்டை நான் வாங்குவதில்லை.

கீபோர்டு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கடையில் மூன்று மேஜையிலும் டிவிஎஸ் கோல்டுதான். தட்டினால் டக்கு டக்கென்று சத்தம் வரும், எதிரில் இருப்பவர்களுக்குத் தொந்தரவுதான். ஆனால் விசை விழுந்ததா இல்லையா என்று விரலுக்கு நிச்சயமாகத் தெரியும். ரெமிங்டன் மெஷினில் பழகிய கைக்கு அது போதும். என்னுடையது ஒன்பது வருஷமாக உழைக்கிறது. விசையில் எழுத்து அழிந்துவிட்டது, அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. தமிழ் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீர்கள். ஸ்டிக்கர் இருந்தால் கண் கீழே போய்க்கொண்டே இருக்கும், கை கற்றுக்கொள்ளாது.

போனுக்கு வருகிறேன். செல்லினம் என்ற தமிழ்க் கீபோர்டு ஆப் வைத்திருக்கிறேன். மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்தது. 1985-இலிருந்து முரசு என்ற மென்பொருள் மூலம் கம்ப்யூட்டரில் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்டவர். ஐபோனில் தமிழ்ச் சங்கம் எம்என் என்று ஒரு ஃபாண்ட் இருக்கிறதே, அந்த எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள்தான். செல்லினத்தில் தமிழ்99-உம் உண்டு, இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கும் அஞ்சல் முறையும் உண்டு. கம்ப்யூட்டரிலும் போனிலும் எனக்கு ஒரே பலகை. பஸ்ஸில் நின்றுகொண்டு பத்திரிகை புரூஃப் திருத்தி அனுப்பிவிடுகிறேன். விசைகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் சின்னத் திரையில் கட்டைவிரல் அடுத்த எழுத்தில் பட்டுவிடும், பெரிய திரை இருந்தால் நல்லது.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்பதை நான் குறை சொல்லவில்லை. என் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து தமிழில் எழுதுகிறான் என்றால் அதனால்தான். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதை முதலில் கற்றுக்கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ந, ன, ண மூன்றுக்கும் இங்கிலீஷில் இருப்பது ஒரே எழுத்து. ல, ள-வுக்கும் அதே கதி. பிள்ளை சொல்லை எழுத்துக் கூட்டாமல், ஆப் காட்டும் நாலு சொல்லில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறது. என்னிடம் வாட்ஸ்அப்பில் வரும் பத்திரிகை வாசகங்களில் 'மணமகன்' 'மனமகன்' ஆவது வாரத்துக்கு இரண்டாவது இருக்கும்.

குரல் தட்டச்சு வேறு விஷயம். போன மாதம் முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி வந்தார். கரண்ட் இல்லை. என் போனை அவர் வாய்க்கு அருகில் பிடித்து, "சொல்லுங்க ஆத்தா" என்றேன். நாலு மாசமாப் பணம் வரலை, மகன் பார்க்கறதில்லை என்று அவர் சொன்னது முக்கால்வாசி சரியாகவே விழுந்தது. தன் பேச்சு எழுத்தாக ஓடுவதைப் பார்த்து அவர் திரையைத் தடவிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். அவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஊர்ப் பெயர், 'வகையறா', பட்டா எண் ஆகிய இடங்களில் எல்லாம் கண்டதும் விழுந்தது. முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. தாசில்தாருக்குப் போகும் காகிதத்தில் ஓர் எண் மாறினால் அந்த அம்மா இன்னொரு மாதம் அலைய வேண்டும். எனவே நான் வரிக்கு வரி சரிபார்க்காமல் எதையும் பிரிண்ட் எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

மனு எல்லாம் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில். காசில்லை, தமிழ் உடையாமல் வருகிறது, பிடிஎஃப் ஆக்க ஒரே பொத்தான். பத்திரிகை, புத்தக வேலையை, பக்கம் அமைக்கிற இலவச மென்பொருளான ஸ்கிரைபஸுக்கு மாற்றிவிட்டேன். அதன் 1.6 பதிப்பு வந்த பிறகு தமிழ் ஒழுங்காக அமைகிறது. இன்னும் பேஜ்மேக்கரில் அடிக்கிற கடைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது, அதற்கு யூனிகோடு தெரியாது. அந்த நண்பர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வெளியே வந்துவிடுங்கள். ஃபாண்டுக்குப் பஞ்சமில்லை. உள்ளே ஓடும் எழுத்துக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்குக் கட்டமரன் அல்லது பலூ தம்பி, கையெழுத்து மாதிரி சாய்ந்து வர வேண்டும் என்றால் கவிவனார். எல்லாம் இலவசம், எதற்கும் டாங்கிள் கிடையாது.

யூனிகோடு வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். இல்லை. போன தையில் வாத்தியார் ஐயாவின் மகன் வந்தார். ஐயா இப்போது இல்லை. 2028 மகாமகத்துக்கு மூன்றாம் பதிப்பு, எந்தக் கோயில் பெயர் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று கடைசியில் ஓர் அகராதி சேர்க்க வேண்டும் என்றார். ஃபைலைத் திறந்து 'கௌதமேஸ்வரர்' என்று தேடினேன். பதினோரு இடம் காட்டியது. அவர் அப்பாவின் கையெழுத்துக் குறிப்பில் பதினான்கு என்று இருந்தது. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் மூன்று இடங்களில் பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. அந்த மூன்றிலும் இருந்தது 'கௌ' இல்லை. ஒற்றைக் கொம்பு போட்ட 'கெ', பக்கத்தில் ஒரு 'ள'. திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி. கம்ப்யூட்டருக்கு அது கெ-ள-த-மேஸ்வரர். தமிழ்99-இல் 'கௌ' இரண்டு தட்டு, க, ஔ. தவறாக அடித்தால் மூன்று. அந்த மூன்றும் ஸ்கேனில் வந்த பக்கங்கள், அன்றைக்கு ஐயாவும் நானும் கண்ணால் மட்டும் பார்த்துத் திருத்தியவை.

உங்கள் ஃபைல்களிலும் தேடிப் பாருங்கள். கௌரி, கௌசல்யா, சௌந்தரம், மௌனம் என்று ஒவ்வொன்றையும் தப்பான வடிவில் அடித்துத் தேடுங்கள். எத்தனை மாட்டுகிறது என்று பார்த்தால் திடுக்கிடுவீர்கள். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு உட்கார்ந்திருப்பதும் உண்டு.

மூன்றையும் திருத்தி, மறுபடி தேடிப் பதினான்கு காட்டிய பிறகு, ஃபைலை அவர் போனுக்கு அனுப்பினேன். அங்கேயே நின்று திறந்தார். எந்த ஃபாண்டும் ஏற்றவில்லை, எதையும் மாட்டவில்லை. முன்னுரையின் முதல் வரியை வாய்விட்டுப் படித்தார், அது அவர் அப்பா எழுதியது. "அப்படியே இருக்குக்கா" என்றார். டாங்கிள் இன்னும் என் டிராயரில்தான் கிடக்கிறது.